ஆளற்ற பாலம்: காஞ்சனபுரி குவாய் ஆற்றுப் பாலத்தின் சுற்றுலா நிழற்படங்கள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழில் கவிதை, புதினம், நாடகம், திரைப்படம் ஆகியவற்றுக்குத் திறனாய்வு மரபு உண்டு. நிழற்படத்துக்கு அத்தகைய மரபு இன்னும் வலுப்பெறவில்லை. அதிலும் சுற்றுலா செல்வோர் எடுத்துவரும் படங்கள் திறனாய்வுக்கு உரிய பொருளாகவே கொள்ளப்படுவதில்லை. ஆனால் மலேசியத் தமிழர் இல்லம் ஒன்றினுள் நுழைவோர் முதலில் காண்பவை இப்படங்களே. கூடத்துச் சுவரிலும் கண்ணாடி அலமாரியிலும் அவை வைக்கப்பட்டிருக்கும். இன்று கைப்பேசிகளிலும் நிறைந்துள்ளன. ஒரு குடும்பம் எங்குச் சென்றது, எதன் முன் நின்றது, எதனைக் காணத்தக்கதாகக் கருதியது என்பவற்றை அவை எடுத்துரைக்கின்றன. ஆதலின் அவற்றையும் பனுவல்களாகக் கொண்டு வாசிப்பது பொருத்தமுடையதாகும்.

இக்கட்டுரை தாய்லாந்தின் காஞ்சனபுரி நகரில் உள்ள குவாய் ஆற்றுப் பாலத்தின் சுற்றுலாப் படங்களை எடுத்துக்கொள்கிறது. இப்பாலத்தைப் பொறுத்தவரை 'நல்ல படம்' என்று எது கொள்ளப்படுகிறது, அக்கொள்கை எவற்றைச் சட்டகத்தினின்று விலக்குகிறது, நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வழிவந்தோர் எடுக்கும் படத்துக்கு வேறோர் அளவுகோல் வேண்டுமா என்பன ஈண்டு எழுப்பப்படும் வினாக்கள்.

ஆய்வுக் கட்டுரையில் தன்மையிடத்தில் நின்று பேசுவது வழக்கமன்று. எனினும் இக்கட்டுரைக்கு அடிப்படையான இரண்டு படங்களும் என் உறவினர் இல்லத்தைச் சேர்ந்தவை. ஆதலின் அவ்வழக்கத்தை ஓரளவு மீற வேண்டியுள்ளது.

இரு படங்கள்

சிரம்பான் நகரை ஒட்டிய தெமியாங்கில் என் பெரியம்மாவின் வீடு உள்ளது. பெரியம்மா மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவ்வீட்டுக் கூடத்தில் இரு நிழற்படங்கள் அருகருகே மாட்டப்பட்டுள்ளன. இரண்டிலும் இருப்பது குவாய் ஆற்றுப் பாலமே.

முதற்படம் 1990களில் எடுக்கப்பட்டது. கோயில் குழுவினர் பேருந்தில் சென்ற தாய்லாந்துச் சுற்றுலாவின்போது உடன் சென்ற ஒருவர் எடுத்தது. சுருள் படக்கருவிக் காலத்துக்கே உரிய செம்மஞ்சள் நிறத் தேதி எண்கள் வலப்புறக் கீழ்மூலையில் பதிந்துள்ளன. பெரியம்மா படத்தின் நட்டநடுவே நிற்கிறார். தலையின் உச்சி சட்டகத்தின் விளிம்பை முட்டுகிறது. அடிவானம் ஒருபுறம் சாய்ந்துள்ளது. வலப்புறத்தில் முன்பின் அறியாத ஒருவரின் தோள் மட்டும் தெரிகிறது. இடப்புற மூலையில் படமெடுத்தவரின் விரல் நிழலாக விழுந்துள்ளது. பாலத்தின் பெரும்பகுதியைப் பெரியம்மாவின் உருவமே மறைத்துவிடுகிறது. அவர் சிரிக்கவில்லை. ஒரு கை பாலத்தின் இரும்புச் சட்டத்தின் மீது படிந்துள்ளது.

இரண்டாம் படம் அவருடைய பேரன் அண்மை ஆண்டுகளில் எடுத்தது. பெரிய அளவில் அச்சிட்டுச் சட்டமிடப்பட்டது. விடியற்காலை, ஆற்றின்மேல் மெல்லிய பனிமூட்டம், பாலத்தின் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீரில் தலைகீழாகத் தோன்றுகின்றன. வானத்துக்கும் நீருக்கும் பாலம் ஒரு கோடிட்டாற்போல் அமைந்துள்ளது. கண்காட்சியில் வைக்கத்தக்க படம் என்பதில் ஐயமில்லை. இதற்காக மூன்று நாள் அங்குத் தங்கியதாகவும், மூன்றாம் நாள்தான் விரும்பிய ஒளி கிட்டியதாகவும் அவன் கூறினான். பாலத்தின் மேல் நின்றிருந்த சிலரைப் பின்னர்க் கணினியில் நீக்கிவிட்டதாகவும் சொன்னான்.

பெரியம்மாவின் தந்தையார் லாபு வட்டாரத் தோட்டம் ஒன்றிலிருந்து 1943ஆம் ஆண்டு சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். அப்போது பெரியம்மாவுக்கு வயது இரண்டு. தந்தையார் திரும்பவில்லை. பெரியம்மா இதனைப் பற்றி மிகுதியாகப் பேசியதில்லை. "அப்பாவைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்" என்பதற்கு மேல் அவரிடம் சொல்லவும் ஒன்றுமில்லை. ஏனெனில் அதற்கு மேல் எவரும் அவருக்குச் சொல்லவில்லை. பேரனோ இதனை அறியாமலேயே பாலத்துக்குச் சென்று வந்திருந்தான். நான் அவனிடம் கூறியபோது சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "அப்படியென்றால் எங்கே நின்று எடுத்திருக்க வேண்டும், சித்தப்பா?" என்று கேட்டான். அவ்வினாவுக்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடும் முயற்சியே.

'நல்ல படம்' எனும் இலக்கணம்

பாலங்களைப் படமெடுப்பது குறித்துப் பயண இதழ்களும் கையேடுகளும் கூறும் அறிவுரைகள் ஏறத்தாழ ஒன்றே. கதிரவன் எழும் நேரத்தையோ மறையும் நேரத்தையோ தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது ஒளி தாழ்வாகவும் மென்மையாகவும் இருக்கும். பாலத்தின் கோடுகள் பார்வையாளரின் கண்ணை உள்ளே இட்டுச் செல்லுமாறு நிற்க வேண்டும். அடிவானத்தை நடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்கில் வைக்க வேண்டும். நீரின் பிரதிபலிப்பைப் பயன்கொள்ள வேண்டும். முக்காலியில் படக்கருவியைப் பொருத்தி நெடுநேரம் ஒளியை வாங்கினால் ஓடும் நீர் பட்டுப்போல் மழுங்கும். கூட்டம் வருமுன் சென்றுவிட வேண்டும்.

இவை பயனற்றவை என்பது என் கருத்தன்று. வடிவத்தைக் காணக் கற்பிக்கும் நல்ல பயிற்சிகள் இவை. ஆயினும் இவ்விலக்கணம் எல்லாப் பாலங்களுக்கும் ஒரே தன்மையில் செயற்படுவதில்லை என்பது கருதத்தக்கது. கல்கத்தாவின் ஹௌரா பாலத்தை எடுத்துக்கொள்வோம். அது 1943ஆம் ஆண்டு பிப்ரவரியில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. குவாய் பாலமும் அதே ஆண்டில் எழுந்ததே. ஹௌரா பாலத்தின் புகழ்பெற்ற படங்களில் மனிதரே நிறைந்துள்ளனர்: தலைச்சுமையாளர், பூச்சந்தை வணிகர், அலுவலகம் விரைவோர். அங்குக் கூட்டமில்லாத படம் பொய்யான படமாகத் தோன்றும். குவாய் பாலத்திலோ கூட்டம் குறையாகக் கருதப்படுகிறது. ஒரே ஆண்டில் எழுந்த இரு பாலங்களுள் ஒன்று மனிதரோடும் மற்றொன்று மனிதரின்றியும் அழகு பெறுகின்றது. இவ்வேறுபாடு ஒளியாலோ கோணத்தாலோ விளைந்ததன்று. குவாய் பாலம் வரலாற்றின் எச்சமாக, முடிந்துபோன ஒன்றாகப் பார்க்கப்படுகிறது. முடிந்துபோனதற்கு அமைதியே அழகு என்னும் எண்ணம் படமெடுப்பவனை அறியாமலேயே அவன் விரலை இயக்குகிறது.

சூசன் சாண்டாக் 1977இல் வெளிவந்த நிழற்படம் பற்றிய தம் நூலில், படக்கருவி சுற்றுலாப் பயணிக்குத் தான் காணும் இடத்தின் மீது ஓர் உடைமை உணர்வை அளிக்கிறது என்னும் கருத்தை விரித்துரைத்தார். 2003இல் வெளிவந்த மற்றொரு நூலில், துன்பத்தின் படங்கள் நம்மை விடாது தொடரலாம். ஆனால் புரிந்துகொள்ள உதவுவது எடுத்துரைப்பே என்று வாதிட்டார். இவ்விரு கருத்துகளும் குவாய் பாலத்துக்குப் பொருந்துவன. பேரனின் படம் பாலத்தை முழுமையாக உடைமையாக்கிக்கொண்டது. ஆனால் அதில் எடுத்துரைப்பு எதுவுமில்லை.

திரைப்படம் தந்த பெயர்

குவாய் பாலத்தைக் காண வருவோருள் மிகப்பலர் கண்ணுக்குள் ஏற்கனவே ஒரு படத்தோடு வருகின்றனர். பியர் பூல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1952இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவி டேவிட் லீன் இயக்கிய திரைப்படம் 1957இல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அப்படம் தாய்லாந்தில் எடுக்கப்படவில்லை. இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றின் குறுக்கே மரப்பாலம் ஒன்றைக் கட்டி எடுத்தனர். கதையின் மையம் ஆங்கிலேயப் படைத்தலைவர் ஒருவருக்கும் ஜப்பானிய முகாம் தலைவருக்கும் இடையிலான மோதல். தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளருக்கு அக்கதையில் இடமில்லை. பியர் பூல் போருக்கு முன் மலாயா ரப்பர்த் தோட்டத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர் என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது. பால்மரக் காட்டையும் அதில் உழைத்தோரையும் அவர் நேரில் அறிந்தவர்.

திரைப்படத்தின் ஆற்றல் அத்துடன் நிற்கவில்லை. காஞ்சனபுரியில் பாலம் நின்றிருந்தது மே குளோங் ஆற்றின் மேல். படம் பார்த்து வந்தோர் குவாய் ஆற்றுப் பாலத்தைத் தேடியமையால், 1960களில் ஆற்றின் அப்பகுதிக்குக் குவாய் யாய் என்னும் பெயர் வழங்கலாயிற்று. கதைக்கேற்பப் புவியியலே திருத்தப்பட்டது. ஆகவே இன்றைய பயணி எடுக்கும் படம் ஓர் இடத்தின் நேர்ப்பதிவு மட்டுமன்று; வேறொரு நாட்டில் எடுக்கப்பட்ட திரைப்படத்தின் மறுபதிப்பும் ஆகும்.

இன்னொன்றும் உண்டு. இன்றுள்ள இரும்புப் பாலத்தின் வளைவான கண்கள் போர்க்காலத்தில் ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. நேச நாட்டு விமானங்கள் 1944, 1945ஆம் ஆண்டுகளில் குண்டுவீசிச் சில கண்களைச் சிதைத்தன. போருக்குப் பின் அவற்றினிடத்தில் ஜப்பானிலிருந்து வந்த, வளைவற்ற கோண வடிவான இரு கண்கள் பொருத்தப்பட்டன. பாலத்தின் வரலாற்றை அதன் உடலிலேயே படிக்கக்கூடிய இடம் அதுவே. ஆயினும் அழகியல் நோக்கில் எடுக்கப்படும் படங்கள் பலவற்றில் வளைவுகளின் சீரான அடுக்கே விரும்பப்படுகிறது. கோணக் கண்கள் அச்சீர்மையைக் குலைப்பதால் விலக்கப்படுகின்றன. பேரனின் படத்திலும் அவை இல்லை.

சட்டகத்திற்கு வெளியே நின்றோர்

சயாம்–பர்மா இருப்புப்பாதை 415 கிலோமீட்டர் நீளமுடையது. 1942இல் தொடங்கப்பட்ட வேலை 1943 அக்டோபரில் நிறைவுற்றது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் இதில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுள் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பர்மியர், தமிழர், மலாய்க்காரர், ஜாவானியர், சீனர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை இரண்டு இலட்சத்தை ஒட்டியதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் இறந்தோர் ஏறத்தாழ 90,000 பேர். மலாயாவிலிருந்து மட்டும் 78,000 பேர் அளவில் கொண்டுசெல்லப்பட்டனர் என்றும், ஏறத்தாழ 30,000 பேர் இறந்தனர் என்றும் போருக்குப் பிந்திய கணக்கு ஒன்று கூறுகிறது. உண்மை எண்ணிக்கை இதனினும் மிகுதி என்றே ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். மலாயாவிலிருந்து சென்றோருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்.

நெகிரி செம்பிலானுக்கும் இப்பாதைக்கும் உள்ள தொடர்பு மனிதரோடு முடியவில்லை. கிம்மாசிலிருந்து கிளந்தான் நோக்கிச் செல்லும் கிழக்குக்கரை இருப்புப்பாதையின் பெரும்பகுதியும், தம்பின்–மலாக்கா கிளைப்பாதையும் ஜப்பானியர் காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டு, அத்தண்டவாளங்கள் சயாம் பாதைக்குப் பயன்படுத்தப்பட்டன. மலாயாவில் இருப்புப்பாதை போட்டதிலும் பேணியதிலும் தமிழர் உழைப்பு பெரும்பங்கு வகித்தது. அவ்வுழைப்பின் இரும்பும் அச்சமூகத்தின் ஆள்களும் ஒரே திசையில் சரக்கு வண்டிகளில் ஏற்றப்பட்டனர் எனலாம்.

ஈண்டு ஒரு தெளிவு தேவை. காஞ்சனபுரியில் உள்ள பாலத்தைக் கட்டியோர் முதன்மையாகப் போர்க்கைதிகளே. ஆசியத் தொழிலாளர்கள் பாதையின் பல்வேறு பகுதிகளிலும், குறிப்பாக மேற்புறத்துக் காட்டு முகாம்களிலும் உழைத்தனர். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் பரவிய வாந்திபேதியில் அம்முகாம்கள் பேரழிவுற்றன. ஆகவே பாலத்தின் படம் தமிழர் மாண்ட இடத்தின் படம் என்று எளிதாகக் கூறிவிட இயலாது. சினையின் பெயர் முதலுக்கு ஆகிவருவதைச் சினையாகுபெயர் என்கிறோம். நகரை ஒட்டிய, எளிதில் சென்றடையத்தக்க ஒரு பாலம் 415 கிலோமீட்டர் பாதைக்கு ஆகுபெயராகிவிட்டது. ஆகுபெயர் வசதியானது; ஆனால் அது எதற்கு ஆகிவந்தது என்பது மறக்கப்படும்போது வெறும் பெயராகிவிடுகிறது.

தொழிலாளரின் படங்கள் ஏன் அரியனவாயின? போர்க்கைதிகளிடம் படைப்பிரிவுப் பட்டியல் இருந்தது, மருத்துவர் இருந்தனர், குறிப்பெழுதும் அதிகாரிகள் இருந்தனர். ஜார்ஜ் ஆஸ்பினால் என்னும் ஆஸ்திரேலியர் மறைத்துவைத்த படக்கருவியால் முகாம் வாழ்வைப் பதிவு செய்தார். ஜாக் சாக்கர் போன்ற ஓவியர்கள் உயிரைப் பணயம் வைத்து வரைந்த ஓவியங்கள் இன்றும் உள்ளன. தோட்டத் தொழிலாளிக்குப் படக்கருவியும் இல்லை. அவன் பெயரை எழுதிவைக்கும் பட்டியலும் இல்லை. போருக்குப் பின் கைதிகளின் உடல்கள் தேடித் திரட்டப்பட்டு மூன்று கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்யப்பட்டன. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு. தொழிலாளருக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. தமிழில் இக்குறையை ஓரளவு ஈடு செய்தவை புதினங்களே. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவை நிழற்படம் இல்லாத இடத்தில் சொல்லால் முகம் தந்தன.

இந்நோக்கில் மீண்டும் பெரியம்மாவின் படத்தைக் காண வேண்டும். இலக்கணப்படி பிழைகள் நிறைந்த அப்படத்தில், பாலத்தை ஒரு தமிழ்ப் பெண்ணின் உருவம் மறைத்து நிற்கிறது. அவருடைய கை இரும்பைத் தொட்டிருக்கிறது. ஒருவர் ஓரிடத்தில் உண்மையாகவே இருந்தார் என்பதற்கு நிழற்படம் சான்றாகிறது என்பது ரொலான் பார்த் 1980இல் வெளியிட்ட நூலின் அடிப்படைக் கருத்து. எந்தத் தொழிலாளியின் முகத்தை எந்தக் கருவியும் பதிவு செய்யவில்லையோ, அவன் மகளின் முகத்தை அதே பாதையின் பாலத்தில் இப்படம் பதிவு செய்துள்ளது. 'நல்ல படம்' ஆளை நீக்குகிறது. 'பிழையான படம்' ஆளை நிறுத்துகிறது. திறனாய்வு அளவுகோலால் நோக்கினால் இரண்டாம் படத்தினும் முதற்படமே செறிவுடையது என்பது என் துணிபு.

எனினும் அதிலும் ஒரு பெருங்குறை உண்டு. அதனைச் சட்டத்திலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்புறம் வெறுமையாக இருந்தது. படம் கழுவிய கடையின் எண் மட்டுமே காணப்பட்டது. பெரியம்மா ஏன் சிரிக்கவில்லை என்பதை அறிந்தோர் மறைந்துவிட்டால், அப்படமும் சுற்றுலா சென்ற ஒரு முதியவரின் படமாக மட்டுமே எஞ்சும்.

காட்சியும் அதற்கு அப்பாலும்

இவ்விடத்தில் நம் மரபிலேயே ஒரு கோட்பாட்டு உதவி கிட்டுகிறது. போரில் வீழ்ந்தோருக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஆறு நிலைகளாக வகுக்கிறது. தக்க கல்லைத் தேர்ந்து காண்பது காட்சி, அதனை எடுக்கத் தொடங்குவது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, அதன்பின் நடுதல், சிறப்புச் செய்து படைப்பது பெரும்படை, இறுதியில் வாழ்த்து. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்துக் காதைப் பெயர்கள் இவ்வரிசையை ஒட்டி அமைந்திருப்பதை அறிவோம். நட்ட கல்லில் வீழ்ந்தோன் பெயரையும் பெருமையையும் பொறித்தனர் என்பதற்குச் சங்கப் பாடல்கள் சான்று பகர்கின்றன.

இவ்வகைப்பாட்டில் காட்சி என்பது முதற்படி மட்டுமே. கண்டவுடன் கடமை முடிவதில்லை, தொடங்குகிறது. சுற்றுலா நிழற்படமோ காட்சியையே முழுச் சடங்காக்கிவிடுகிறது. கண்டேன், எடுத்தேன், பகிர்ந்தேன் என்பதோடு அது நிறைவடைகிறது. நடுவதும் இல்லை, பெயர் பொறிப்பதும் இல்லை. குவாய் பாலத்துப் படங்களின் குறையை ஒரு சொல்லில் கூறின், அவை காட்சியில் தொடங்கிக் காட்சியிலேயே நின்றுவிட்டன எனலாம்.

அண்மைக் காலத்தில் இந்நிலை மாறத் தொடங்கியுள்ளது. தமிழ்த் தொழிலாளர்களின் நினைவாக 2023ஆம் ஆண்டு காஞ்சனபுரியில் நடுகல் ஒன்று எழுப்பப்பட்டது. போர் முடிந்து 78 ஆண்டுகளுக்குப் பின் அக்கல் நடப்பட்டது என்பது ஒருபுறம் வருந்தத்தக்கது. மறுபுறம் மரபின் சொல்லாலேயே அதற்குப் பெயரிட்டமை பாராட்டத்தக்கது.

எங்கே நின்று எடுப்பது?

துயர நினைவிடங்களில் எடுக்கப்படும் மகிழ்ச்சிப் படங்கள் குறித்த விவாதம் உலகெங்கும் உண்டு. பெர்லின் நகரில் யூதப் படுகொலை நினைவிடத்தில் எடுக்கப்பட்ட தம்படங்களைப் படுகொலைக் காட்சிகளோடு இணைத்து ஷஹாக் ஷபிரா என்னும் கலைஞர் 2017இல் வெளியிட்டார். அது பலரை நாணச் செய்தது. ஆனால் நாணச் செய்வது அறியச் செய்வதாகுமா என்பது ஐயமே. அங்கு நினைவிடம் என்று தெரிந்தே சென்றனர். நம் இளைஞரோ தெரியாமலே செல்கின்றனர். தெரியச் செய்யாத குற்றம் நம்முடையது. அவர்தம் சிரிப்பைக் கடிவதால் அது நீங்காது. கொல்லும் பாதையாக இருந்த இடத்தில் நான்காம் தலைமுறை உயிரோடு நின்று சிரிப்பதும் ஒருவகையில் விடையே. ஆகவே இங்குக் கூறப்படுவன தடைகள் அல்ல. பேரன் கேட்ட வினாவுக்கான சில வழிகள்.

முதலாவது, பாலத்தை எடுக்கும்போது வளைவான கண்களையும் கோணக் கண்களையும் ஒரே சட்டகத்துள் கொணரலாம். சீர்மை குலையும்; ஆனால் குலைந்த இடமே பொருளுடைய இடம்.

இரண்டாவது, மனிதரை நீக்காதிருக்கலாம். பாலத்தின் தூண் அருகில் ஒருவர் நின்றால்தான் அத்தூணின் பருமன் விளங்கும்; அதனை எழுப்பிய உடல்களின் உழைப்பும் அப்போதே உணரப்படும். ஆளில்லாத படத்தில் பாலம் தானே முளைத்ததுபோல் தோன்றுகிறது.

மூன்றாவது, பாலத்திலிருந்து சற்று நடந்து செல்லலாம். பாலத்துக்கு அருகிலேயே ஜப்பானியப் படையினர் 1944இல் எழுப்பிய நினைவுத்தூண் உள்ளது. அங்குப் பல மொழிகளில் பொறிப்புகள் உள்ளன. அவற்றுள் தமிழும் ஒன்று. வேலை வாங்கியோரே எழுப்பிய தூண் என்பதால் அதனை எவ்வாறு மதிப்பது என்பது தனி வினா. ஆயினும் அந்நிலப்பரப்பில் தமிழ் எழுத்து நிற்குமிடம் என்னும் வகையில் அது படமெடுக்கத்தக்கது. கல்வெட்டைப் படமெடுப்போர் அறிந்த நுட்பம் ஒன்று இங்குப் பயன்படும். எழுத்தின் மீது நேராக ஒளி விழுந்தால் பள்ளங்கள் மழுங்கும். காலையிலோ மாலையிலோ ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் எழுத்து தெளிவாக எழும். பனிமூட்டத்துக்காக மூன்று நாள் காத்திருப்பவன் ஓர் எழுத்துக்காகவும் ஒரு காலைப்பொழுது காத்திருக்கலாம்.

நான்காவது, ஒற்றைப் படத்துக்கு மாறாகத் தொடர்ப்படங்களை எண்ணலாம். பாலம், கல்லறைத் தோட்டத்தின் பெயர் வரிசை, நடுகல் என மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால், ஒன்றில் பெயர் நிறைந்தும் மற்றொன்றில் பெயர் இன்றியும் இருப்பதைப் படங்களே பேசும். சாண்டாக் வேண்டிய எடுத்துரைப்பு அவ்வாறு ஓரளவு கைகூடும்.

ஐந்தாவதும் தலையாயதும், எழுதுதல். யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யாருடைய வழித்தோன்றல் என்னும் நான்கு செய்திகளைப் படத்தின் பின்புறத்திலோ, கைப்பேசியாயின் படத்தோடு சேர்ந்த குறிப்பிலோ எழுதிவைக்க வேண்டும். நடுகல்லில் பெயர் பொறித்த செயலுக்கு நிகராக நிழற்படத்தில் நம்மால் செய்யக்கூடியது இதுவே. இதற்குச் சிறந்த ஒளியும் வேண்டா. விலையுயர்ந்த கருவியும் வேண்டா.

முடிவுரை

குவாய் பாலத்தின் சுற்றுலாப் படங்களில் 'நல்ல படம்' எனப்படுவது பெரும்பாலும் விலக்கலின் வழி உருவாகிறது. கூட்டம், கோணக் கண்கள், எழுத்து, மனித உருவம் ஆகியன நீங்கியபின் எஞ்சும் வடிவமே அழகென மதிக்கப்படுகிறது. ஏற்கனவே பட்டியல்களிலும் கல்லறைகளிலும் திரைப்படத்திலும் விலக்கப்பட்ட ஒரு சமூகத்தின் வழித்தோன்றல்கள் அதே விலக்கலைத் தம் கையாலேயே மீண்டும் செய்ய நேர்வது கவலைக்குரியது. அவர்தம் கலைத்திறனில் குறையில்லை. அவர்களுக்கு வந்து சேர வேண்டிய செய்தி வந்து சேரவில்லை என்பதே குறை.

சயாம் சென்று மீண்டோருள் பெரும்பாலோர் இன்று இல்லை. அவர்தம் மக்களும் முதுமையின் எல்லையில் உள்ளனர். தெமியாங், லாபு, ரந்தாவ் முதலிய இடங்களில் உள்ள வீடுகளின் படத்தொகுப்புகளில் பின்புறம் வெறுமையாக உள்ள படங்கள் எத்தனையோ. நம் துறை மாணவர்கள் விடுமுறைக்கு வீடு செல்லும்போது அவற்றை எடுத்து, வீட்டின் மூத்தோரிடம் வினவி, நான்கு வரி எழுதி வருவார்களாயின் அது பெரும் ஆய்வுத் தொண்டாகும்.

பெரியம்மாவின் மூத்த மகனிடம் கேட்டபோது, தாயின் பிறப்புப் பத்திரத்தில் இருந்த தந்தை பெயரை எடுத்துத் தந்தார். தோட்டத்தின் பெயரும் அதில் இருந்தது. வேறு செய்தி எதுவும் கிட்டவில்லை. அவ்விரு பெயர்களையும் 1943 என்னும் ஆண்டையும் படத்தின் பின்புறத்தில் எழுதினோம். இரு படங்களும் முன்போலவே அருகருகே மாட்டப்பட்டுள்ளன. பேரனின் படத்தைக் கழற்ற வேண்டும் என்று நான் கூறவில்லை; அவனும் கழற்றவில்லை. தான் நீக்கிய மனிதர்கள் மூலக்கோப்பில் இன்னும் இருப்பதாக மட்டும் அவன் என்னிடம் சொன்னான்.